குன்றல் பகுப்பிலிருந்து கரு வரை: டெல்டா மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ, நீட், இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கான பக்கம் இது. குன்றல் பகுப்பு என்பது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கி இனச்செல்களைத் தரும் பகுப்பு, அதாவது மியாசிஸ். இந்தப் பாடத்தில் மதிப்பெண் கைநழுவுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று கணக்கு: எந்தக் கட்டத்தில் எத்தனை குரோமோசோம். இன்னொன்று நேரம்: எந்தச் செல் எப்போது பிரிகிறது, எங்கே நின்றுவிடுகிறது. பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

குன்றல் பகுப்பு நம் வயலில் எங்கே, எப்போது நடக்கிறது?

"பயிர் சூல் கட்டியிருக்கு" என்று சொல்கிறோமே, அந்த நாட்களில். சம்பாப் பயிரில் கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் வரும் கடைசி இலையின்) கழுத்து, அதற்குக் கீழ் இலையின் கழுத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும் சமயம் பார்த்துத் தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே வெளிறிய இளங்கதிர் படுத்திருக்கும். கதிர் வெளியே வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அதன் ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப்பைகள். அவற்றுக்குள் மகரந்தத் தாய்செல்கள் 24 குரோமோசோமை 12 ஆக்கிக்கொண்டிருக்கும். ஒரே கதிரில் எல்லாப் பூவும் ஒரே நாளில் இதைச் செய்வதில்லை. நுனிப் பக்கம் முந்தும், அடிப்பக்கம் பிந்தும்.

அந்தச் சில நாட்களில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனால் மகரந்தம் கெட்டுவிடும். பெண் பக்கம் ஓரளவு தாங்கும், ஆண் பக்கம் தாங்காது. கதிர் பார்க்க நன்றாகவே வெளிவரும். கையில் நசுக்கினால் சாவி, உள்ளே அரிசி இல்லாத பதர். சூல் கட்டும் பருவத்தில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்று விவசாயிகள் விடாப்பிடியாக நிற்பதற்குச் செல்லியல் தரும் காரணம் இது.

46, 23, 92 என்று எண்கள் குழப்புகின்றன. எப்படி எண்ணுவது?

ஒரு விதி போதும்: குரோமோசோமை எண்ண சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுங்கிய பகுதியை) எண்ணுங்கள். குரோமாட்டிடை எண்ண, குரோமோசோமின் நீள இழைகளை எண்ணுங்கள்: இரட்டிப்பான குரோமோசோமில் இரண்டு. டிஎன்ஏ அளவு குரோமாட்டிடு எண்ணிக்கையோடு போகும்.

மனிதனின் முதல்நிலை விந்து செல்லை (குன்றல் பகுப்பில் இறங்கும் செல்லை, முடிவில் வரும் விந்துசெல்லை அல்ல) எடுத்துக்கொள்வோம். டிஎன்ஏ இரட்டிப்பானபின் அதில் 46 குரோமோசோம், 92 குரோமாட்டிடு, டிஎன்ஏ 4 பங்கு. இரட்டிப்பானதால் குரோமோசோம் 92 ஆகிவிடவில்லை. சென்ட்ரோமியர் இன்னும் 46தான். பலர் சறுக்குவது இங்கே. குன்றல் பகுப்பு I முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் 23 குரோமோசோம், 46 குரோமாட்டிடு, டிஎன்ஏ 2 பங்கு. குன்றல் பகுப்பு II முடிந்ததும் 23 குரோமோசோம், டிஎன்ஏ 1 பங்கு.

ஆக, எண்ணிக்கை குறைவது முதல் பகுப்பில். இரண்டாவது பகுப்பு மைட்டாசிஸ் போன்றது: சகோதரி குரோமாட்டிடுகள் பிரிகின்றன, எண்ணிக்கை மாறாது. இரண்டுக்கும் இடையில் டிஎன்ஏ இரட்டிப்பு கிடையாது. "இடைக்கால ஓய்வில் எஸ் நிலை உண்டு" என்று ஒரு விடைத்தெரிவு வந்தால் உடனே அடித்துவிடுங்கள்.

100 நெல்மணி உண்டாக எத்தனை குன்றல் பகுப்பு வேண்டும்?

125. நீட்டில் இதையே கோதுமை வைத்துக் கேட்பார்கள்; கணக்கு ஒன்றுதான். ஒரு மணிக்கு ஒரு மகரந்தத்துகள், ஒரு கருப்பை (செடியில் சூலுக்குள் அண்டம் இருக்கும் பை). ஒரு மகரந்தத் தாய்செல் நான்கு துகள் தரும், எனவே 100 துகளுக்கு 25 பகுப்பு. பெண் பக்கத்தில் நான்கில் மூன்று அழிந்து ஒன்றுதான் மிஞ்சும், எனவே 100 பகுப்பு. கூட்டினால் 125. "100 மகரந்தத்துகள் உண்டாக" என்று கேட்டால் 25 மட்டும். கேள்வியை முழுதாகப் படியுங்கள்.

குறுக்கே கலத்தல் புரியவே மாட்டேன் என்கிறது.

பூக்காரம்மாவிடம் ஒரே நீளத்தில் இரண்டு மல்லிச்சரம், இரண்டு கனகாம்பரச்சரம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மல்லியையும் நடுவில் ஒரு முடிச்சுப் போடுங்கள்: அது அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோம்; சரங்கள் இரண்டும் சகோதரி குரோமாட்டிடுகள். கனகாம்பரமும் அப்படியே: அப்பாவுடையது. இரண்டு ஜோடியையும் ஒட்டினாற்போல் வையுங்கள். இதுதான் இணைவு. இப்போது உள்பக்கம் இருக்கும் ஒரு மல்லிச்சரத்தின் நுனியையும், அதன் எதிரே இருக்கும் கனகாம்பர நுனியையும் ஒரே இடத்தில் வெட்டி, மாற்றிக் கட்டுங்கள். கையில் இப்போது நான்கு விதமான சரம்: முழு மல்லி, முழு கனகாம்பரம், இரண்டு கதம்பம். மாற்றம் நடப்பது சகோதரி அல்லாத குரோமாட்டிடுகளுக்கு இடையில். மல்லியோடு மல்லியை மாற்றினால் ஒன்றும் புதிதாகக் கிடைக்காது.

மாற்றிக் கட்டிய பிறகு இரண்டு ஜோடியையும் இழுத்துப் பாருங்கள். கதம்பமான இடத்தில் சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்குதான் கயாஸ்மா. அது வெறும் தழும்பு இல்லை. ஒத்திசைவு குரோமோசோம்கள் இரண்டும் நடுத்தளத்துக்கு வந்து சேரும்வரை ஒன்றாகப் பிடித்துவைப்பது அதுதான். அது உண்டாகாவிட்டால் ஜோடி முன்கூட்டியே விலகி, இரண்டும் ஒரே பக்கம் போகும் ஆபத்து உண்டு.

புரோஃபேஸ் I இன் ஐந்து உட்கட்டங்களை எப்படிப் பிரித்தறிவது?

லெப்டோட்டீனில் மெல்லிய நூல். சைகோட்டீனில் ஜோடி சேரல், ஜோடியை ஒட்டவைக்கும் சினாப்டோனிமல் தொகுப்பு தொடக்கம். பாக்கிட்டீனில் குறுக்கே கலத்தல். டிப்ளோட்டீனில் தொகுப்பு கரைந்து கயாஸ்மா தெரியும். டயாகைனசிஸில் கயாஸ்மா நுனிக்கு நகரும், நியூக்ளியோலஸ் மறையும், உட்கரு உறை உடையும். கேள்வித்தாள் விரும்பும் பொறி ஒன்று: கலத்தல் *நடப்பது* பாக்கிட்டீனில், அதன் அடையாளம் *தெரிவது* டிப்ளோட்டீனில்.

செய்முறையில் ஸ்லைடு சரியாக வருவதே இல்லை. என்ன செய்வது?

வெங்காயப் பூங்கொத்தே வசதி (2n = 16, எட்டு ஜோடி). காலையில் பறித்த மொட்டுகளை, தனி ஆல்கஹால் 3 பங்கும் உறைநிலை அசிட்டிக் அமிலம் 1 பங்கும் அப்போதே கலந்த திரவத்தில் 24 மணி நேரம் போடவும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிரில் வைத்தால் பல நாள் தாங்கும். முந்தின நாள் கலந்து வைத்த திரவம் வேண்டாம்.

ஒரு மகரந்தப்பையை ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் விட்டு, ஊசியால் நசுக்கி, தோல் துணுக்கை எடுத்து எறிந்துவிடவும். இரும்பு ஊசியாக இருந்தால் சாயம் நன்றாகப் பிடிக்கும். மூடுவில்லை போட்டு, தீக்கு மேலே இரண்டு மூன்று முறை காட்டவும், கொதிக்க விடக்கூடாது. உறிஞ்சுதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்தவும், வில்லை நகர்ந்தால் செல்கள் சுருண்டுபோகும்.

எங்கும் மகரந்தத்துகளாகவே தெரிந்தால் மொட்டு முற்றிவிட்டது. பை மஞ்சளாக இருந்தாலே தாமதம் என்று அர்த்தம். அதே கொத்தில் இன்னும் சிறிய, பை கண்ணாடி போலத் தெரியும் மொட்டுக்கு இறங்குங்கள். தோட்டத்தில் வளர்க்கும் ரியோ செடியின் மொட்டு பெரியது, எளிது. ஆனால் அதன் 12 குரோமோசோமும் ஜோடி சேராமல் வளையமாகக் கோத்துக்கொள்ளும். ஜோடி எண்ணப் போனவர்கள் அதைப் பார்த்து ஸ்லைடு கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவதுண்டு. ஸ்லைடு கெடவில்லை, செடியின் குணம் அது.

பூவன் பழத்தில் ஏன் விதை இல்லை?

அது மும்மடியம்; 11 வீதம் மூன்று தொகுதி, மொத்தம் 33. இரண்டுக்கு இரண்டு ஜோடி சேரலாம், மூன்றாவது யாரோடு போகும்? குன்றல் பகுப்பில் பங்கு சரியாகப் பிரியாது, இனச்செல் பெரும்பாலும் உதவாது. கருவுறாமலேயே காய் பருக்கும் குணமும் அதற்கு இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது, கன்று வைத்து வளர்க்கிறோம்.

ஆண், பெண் இருவரிடமும் குன்றல் பகுப்பு ஒரே மாதிரிதானே?

விதி ஒன்று, கடிகாரம் வேறு. இந்தப் பாடத்தின் மையம் இதுதான்; இதை விட்டுவிட்டு ஹார்மோன் பெயர்களை உருப்போட்டுப் பயனில்லை.

ஆணிடம் பருவ வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஓடுகிறது. விந்து நுண்குழலின் சுவரிலிருந்து நடுவெளி வரை ஒரு விந்துசெல் உருவாக ஏறக்குறைய 74 நாள். ஒரு முதல்நிலை விந்து செல்லுக்கு நான்கு விந்துசெல். கடும் காய்ச்சல் வந்தவரின் விந்துப் பரிசோதனை அடுத்த இரண்டு மூன்று மாதத்தில்கூடக் குறைவாக இருப்பது இந்த 74 நாள் கணக்கால்தான். விந்தகம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 2.5 டிகிரி குறைவாக இருந்தாக வேண்டும்.

பெண்ணிடம் பகுப்பு தொடங்குவது அவள் பிறப்பதற்கு முன்னே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே. டிப்ளோட்டீனில் வந்து நின்றுவிடும். பருவம் வந்தபின் மாதந்தோறும் லூட்டினைசிங் ஹார்மோன் உச்சம் தொடும்போது, ஒரு செல் மட்டும் முதல் பகுப்பை முடித்துச் சிறிய துருவச் செல்லை வெளியே தள்ளும். உடனே இரண்டாவது பகுப்பில் இறங்கி, மெட்டாஃபேஸ் II இல் மறுபடி நிற்கும். விந்துசெல் நுழைந்தால்தான் அது முடியும். நுழையாவிட்டால் முடியாமலே அழியும்.

ஆக, 40 வயதில் வெளிவரும் அண்டம் நாற்பது வருஷத்துக்கு மேலாக முதல் பகுப்பில் காத்திருந்த செல். குரோமாட்டிடுகளைப் பிடித்துவைக்கும் கொஹீசின் புரதம் அதற்குள் தளர்ந்துபோகிறது. பிரியாமை (குரோமோசோம்கள் சரியாகப் பிரியாத தவறு) வயதோடு கூடுவதற்கு இது முக்கியக் காரணம்.

அண்டங்களின் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?

மாறும். கருவிலேயே ஐந்தாம் மாத வாக்கில் 60 முதல் 70 லட்சம், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்லும். என்சிஇஆர்டி, பருவமடையும்போது அண்டகத்துக்கு 60,000 முதல் 80,000 என்கிறது. நீட்டுக்கு அதையே எழுதுங்கள். வாழ்நாளில் வெளிவருவது 400 சுமார் என்பதில் சண்டை இல்லை.

கருமுட்டை, சினைமுட்டை, மஞ்சள் கரு: எது எது?

தமிழில் படிப்பவர்களுக்கென்றே வரும் சிக்கல். செய்தித்தாளில் "கருமுட்டை தானம்" என்றால் கருவுறாத அண்டம். பாடப்புத்தகத்தில் கருமுட்டை என்றால் கருவுற்றது, அதாவது சைகோட். தேர்வில் பாடப்புத்தகப் பொருள்தான் செல்லும். சினைமுட்டை பொதுவாகக் கருவுறாததையே குறிக்கும்.

மஞ்சள் கரு கரு அல்ல. கோழியின் அண்டசெல்லே அந்த மஞ்சள் முழுவதும். பெரும்பகுதி உணவுச் சேமிப்பு. கருவுற்றிருந்தால் மேலே வெளிறிய சிறு வட்டம் ஒன்று மட்டும் பிளவுபடும். கடை முட்டை பெரும்பாலும் கருவுறாதது.

அண்டம் 14ஆம் நாள்தான் வெளிவருமா?

28 நாள் சுழற்சிக்கு மட்டும். மாறாமல் இருப்பது பின்பாதி, ஏறக்குறைய 14 நாள். அண்டம் வெளியேறிய நுண்பை மாறி உண்டாகும் கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் அது. முன்பாதிதான் நீளும், குறையும். 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாள் வாக்கில் வரும். லூட்டினைசிங் ஹார்மோன் ஏறத் தொடங்கி 36 மணி நேரத்துக்குள் நுண்பை வெடிக்கும். அண்டத்துக்கு 12 முதல் 24 மணி நேர ஆயுள். விந்துசெல் ஐந்து நாள் வரை தாங்கக்கூடும்.

கருவுறுதல் எங்கே, எப்படி?

அண்ட நாளத்தின் அகன்ற பகுதியான ஆம்புல்லாவில். பழைய பதிப்புகளில் ஆம்புல்லா-இஸ்த்மஸ் சந்திப்பு என்று இருக்கும். விடைத்தெரிவில் எது இருக்கிறதோ அதைப் பாருங்கள். கருப்பை என்று எழுதினால் தவறு.

புதிதாக வந்த விந்துசெல்லுக்கு அண்டத்தைத் துளைக்கும் சக்தி இல்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து, மேல்படலத்துக் கொழுப்பு மாறியபின்தான் தயாராகும். பிறகு வெளிச்செல் அடுக்கைக் கடந்து, அண்டத்தின் உறையான சோனா பெல்லூசிடாவில் ஒட்டி, தலையில் இருக்கும் நொதிப்பையான அக்ரோசோம் திறந்து, உள்ளே போய் அண்டத்தின் சவ்வோடு இணையும். விந்துசெல்லில் இதற்கான புரதத்துக்கு இசுமோ என்று பெயர்: 2005இல் கண்டுபிடித்த ஜப்பானியர் தங்கள் ஊர்த் திருமணக் கோயிலின் பேரை வைத்தார்கள். அண்டத்தில் அதைப் பிடிக்கும் புரதத்துக்கு 2014இல் ரோமானியத் தெய்வம் ஜூனோவின் பேர் கிடைத்தது. கருகாக்கும் அம்மன் இருக்கும் நம் திருக்கருகாவூர் அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இணைந்ததும் அண்டத்தில் கால்சியம் அலையாகப் பரவும். அதனால் இரண்டு காரியம்: புறணித் துகள்கள் வெடித்துச் சோனாவை இறுக்கி அடுத்த விந்துசெல்லைத் தடுக்கும், நின்றுபோன இரண்டாம் பகுப்பு முடிந்து இரண்டாவது துருவச் செல் வெளியேறும். தடுப்பு தவறி இரண்டு விந்துசெல் நுழைந்தால் 69 குரோமோசோம். அந்தக் கரு அநேகமாக ஆரம்பத்திலேயே கலைந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் நாள்வாரியாக?

முதல் பிளவு 24 முதல் 30 மணி நேரத்தில். இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு, நான்காம் நாள் வாக்கில் மொருலா (செல் உருண்டை), ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழி விழுந்த உருண்டை). இந்த நாட்களில் மொத்தக் கருவின் பருமன் கூடுவதில்லை. பழைய 0.1 மில்லிமீட்டர் உருண்டைக்குள்ளேயே செல்கள் சிறுத்துச் சிறுத்துப் பெருகும், ஏனென்றால் சோனா இன்னும் சட்டை போல மூடியிருக்கிறது. அந்தச் சட்டைக்கு இன்னொரு வேலை: வழியில் நாளத்திலேயே ஒட்டிவிடாமல் காப்பது. பிளாஸ்டோசிஸ்ட் கருப்பைக்குள் வந்தபின் சோனாவை உரித்துக்கொண்டு, ஆறு ஏழாம் நாளில் சுவரில் பதியத் தொடங்கும்.

நாளத்திலேயே பதிந்துவிட்டால் அது இடம் மாறிய கர்ப்பம். நாளம் விரியாது, வெடிக்கும். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தலைசுற்றல் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதிந்த ட்ரோபோபிளாஸ்ட் (பிளாஸ்டோசிஸ்டின் வெளி அடுக்கு) சுரக்கும் எச்சிஜி ஹார்மோன், கார்பஸ் லூட்டியத்தைச் சாகாமல் வைத்திருக்கிறது. அதனால் புரோஜெஸ்டிரான் நிற்காது, மாதவிலக்கு வராது. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கம் தவறியதைத்தான் "முழுகாம இருக்கா" என்கிறோம். மருந்துக்கடை அட்டையில் கோடு விழுவதும் இதே எச்சிஜியால்.

மூன்றாம், நான்காம் வாரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

15ஆம் நாள் வாக்கில் ஆதிக்கோடு தோன்றி, இரண்டடுக்குத் தட்டு மூன்றடுக்காகிறது: புறப்படை, நடுப்படை, அகப்படை. 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாளுக்குள் நரம்புக்குழல் இரு முனையும் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைகள். 28ஆம் நாள் என்பது கருவுற்றதிலிருந்து. அப்போதுதான் பலருக்குக் கர்ப்பமே தெரியவருகிறது. அதனால்தான் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

அடுக்குகளில் தவறாக எழுதப்படுபவை: பற்களின் எனாமலும் கண்வில்லையும் புறப்படை. மண்ணீரல் நடுப்படை, குடலோடு சேர்த்து அகப்படை என்று எழுதாதீர்கள். அட்ரினலில் புறணி நடுப்படை, அகணி புறப்படை.

பத்து மாதம் என்கிறோம், புத்தகம் ஒன்பது என்கிறது?

28 நாள் மாதம் பத்து, 280 நாள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் கணக்கு இது. ஸ்கேன் தாளில் வரும் வாரங்களும் இதுவே. கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் 266. ஸ்கேனில் "6 வாரம்" என்றால் கருவின் வயது 4 வாரம். இந்த இரண்டு வாரத்தைக் கழிக்க மறந்தால் மேலே சொன்ன நாட்கள் எல்லாம் இடறும்.

ஆணா பெண்ணா என்பதை யார் தீர்மானிக்கிறார்?

விந்துசெல் எக்ஸ் சுமந்ததா, ஒய் சுமந்ததா என்பது. மருமகளைக் குறை சொல்ல அறிவியலில் இடமே இல்லை. ஆறாம் வாரம் வரை இனப்பெருக்கச் சுரப்பி இருபாலுக்கும் பொதுவாக இருக்கும்; பிறகு ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு அதை விந்தகமாக்கும். எல்லா உயிருக்கும் இப்படி இல்லை. நாகப்பட்டினம் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு மணலின் சூடுதான் பாலைத் தீர்மானிக்கிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். மனிதக் கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இரட்டையர் பற்றி?

இரண்டு அண்டம் வெளிவந்து இரண்டும் கருவுற்றால் தனிக்கரு இரட்டையர். ஒரே கரு பிரிந்தால் ஒத்த இரட்டையர். எப்போது பிரிகிறது என்பதில்தான் விஷயம். முதல் மூன்று நாளில் பிரிந்தால் நஞ்சுக்கொடியும் பனிக்குடமும் தனித்தனி. 4 முதல் 8 நாளில் என்றால் நஞ்சுக்கொடி பொது, பனிக்குடம் தனி. அதற்குப்பின் என்றால் இரண்டும் பொது. 13ஆம் நாளுக்குமேல் ஒட்டிப்பிறக்கும்.

பிரியாமை முதல் பகுப்பிலா, இரண்டாவதிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பகுப்பில் தவறினால் நான்கு இனச்செல்லும் கெடும்: இரண்டில் ஒன்று கூடுதல், இரண்டில் ஒன்று குறைவு. இரண்டாவதில் தவறினால் இரண்டு சரி, ஒன்றில் கூடுதல், ஒன்றில் குறைவு. கூடுதல் குரோமோசோம்கள் அப்பா, அம்மா இருவரின் பங்காகவும் இருந்தால் முதல் பகுப்பு; ஒரே குரோமோசோமின் இரண்டு நகலாக இருந்தால் இரண்டாவது. இங்கே அப்பா, அம்மா என்பது அந்த இனச்செல்லை உண்டாக்கியவரின் பெற்றோரை, குழந்தையின் பெற்றோரை அல்ல. டவுன் நோய்க்குறிக்குக் காரணம் கூடுதல் 21ஆம் குரோமோசோம் என்று 1959இல் நிறுவப்பட்டது. பெரும்பாலும் தவறு தாயின் முதல் பகுப்பில். வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250இல் ஒன்று, 40 வயதில் சுமார் 100இல் ஒன்று.

திருக்கருகாவூர்த் தலபுராணத்தில் கருவைக் குடத்தில் காத்ததாக வருகிறது. அது சோதனைக்குழாய்க் குழந்தையா?

நம்பிக்கையைத் தேர்வுத்தாளில் எழுத வேண்டாம், இரண்டையும் கலக்கவும் வேண்டாம். கலைந்த கருவை அம்பாள் குடத்தில் வைத்து வளர்த்தாள் என்பது புராணம். சோதனைக்குழாய் முறையில் ஆய்வகப் பாத்திரத்தில் நடப்பது கருவுறுதலும் முதல் சில பிளவுகளும் மட்டும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவைக் கருப்பைக்குள் வைத்துவிட வேண்டும், பதிவதற்கு அந்தச் சுவர் தேவை. முதல் குழந்தை 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் இன்னொன்று. கருவை உறையவைத்துப் பின்னர் வைக்கும் வழியை அவர் அப்போதே கையாண்டார்.